கூட்டமைப்பை விட்டு வெளியேறிய நாடு வணிகப் பேச்சு நடத்துவது எப்படி? பிரெக்சிட்டை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது 2020 ஜனவரி 31 இரவு 11 மணிக்கு. அந்த வெளியேற்றத்துக்குப் பெயர்தான் பிரெக்சிட். அதன் வெளிநாட்டு வணிகத்தில் ஏறக்குறைய பாதி அந்த ஒன்றியத்தோடுதான் நடந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த இரவில் இரு தரப்புக்கும் நடுவே வணிக ஒப்பந்தம் எதுவும் கிடையாது. பழைய விதிகள் இன்னும் 11 மாதம் செல்லும் என்ற அவகாசம் மட்டுமே இருந்தது. அதுவும் முடிய ஒரே வாரம் பாக்கி இருந்தபோது, டிசம்பர் 24 அன்று, ஒப்பந்தம் முடிவானது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட அந்த ஆவணத்தைப் படித்துப் பார்த்து லாரி ஏற்ற வியாபாரிகளுக்குக் கிடைத்தது ஏழு நாள், அதுவும் கிறிஸ்துமஸ் விடுமுறை.

வெளியேறியது சரியா தவறா என்று இங்கே பேசப்போவதில்லை. வெளியேறுவது என்று முடிவான பிறகு ஒரு நாடு எதை முதலில் பேச வேண்டும், எதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், எங்கே ஏமாறும் என்பதுதான் விஷயம். பொருளாதாரம் படிக்கும் மாணவர்களும், போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்களும், பிரிட்டனுக்கோ ஐரோப்பாவுக்கோ சரக்கு அனுப்புகிறவர்களும் படித்தால் பயன்படும் என்று நினைத்து எழுதுகிறேன். நான் கடைசிவரை சொல்லப்போவது ஒன்றுதான்: இந்த மாதிரிப் பேச்சில் ஒரு நாடு இழப்பதில் பெரும்பகுதி, எதிராளியின் சாமர்த்தியத்தால் போவதில்லை. தனக்கு என்ன வேண்டும் என்று உள்நாட்டில் பேசி முடிக்காமல் மேசைக்குப் போவதால்தான் போகிறது.

முதலில் தெளிவு: எதை விட்டு வெளியேறுகிறோம்?

கூட்டமைப்பு என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் அடுக்குகள் உண்டு. தடையற்ற வர்த்தகப் பகுதி என்றால் உறுப்பு நாடுகள் தங்களுக்குள் வரி வாங்காது. வெளிநாட்டுச் சரக்குக்கு ஒவ்வொன்றும் தன் விருப்பப்படி வரி போடும். சுங்க ஒன்றியம் அதற்கு ஒரு படி மேல். வெளியே இருந்து வரும் சரக்குக்கு எல்லா நாடும் ஒரே வரி போடும். அதனால் உள் எல்லைகளில் ‘இது எந்த நாட்டுப் பொருள்?’ என்று யாரும் கேட்பதில்லை. ஒற்றைச் சந்தை என்பது தரம், சுகாதாரம், தொழில் உரிமம், ஆள் போக்குவரத்து வரைக்கும் விதிகளை ஒன்றாக்குவது. பிரிட்டன் இந்த மூன்றில் இருந்தும் வெளியே வந்தது. நார்வே ஒன்றியத்தில் உறுப்பினர் இல்லை, ஆனால் ஒற்றைச் சந்தையில் இருக்கிறது. துருக்கி இரண்டிலும் இல்லை, ஆனால் பெரும்பாலான தொழிற்பொருள்களுக்குச் சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது.

மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் ஆகிய மூன்றும் 2025 ஜனவரி 29 அன்று மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரச் சமூகத்தை விட்டு வெளியேறின. மூன்றுக்கும் கடற்கரை கிடையாது. லோமே, கோட்டனூ, அபிஜான், டக்கார் துறைமுகங்களை நம்பித்தான் சரக்கு வர வேண்டும். ஆனால் பொது நாணயமான சி.எஃப்.ஏ. ஃபிராங்கைப் பயன்படுத்தும் எட்டு நாடுகளின் ஒன்றியத்தில் மூன்றும் தொடர்ந்து இருக்கின்றன. அதுவும் ஒரு சுங்க ஒன்றியம்தான். ஆக, அரசியலில் கதவை அடைத்த பிறகும் வணிகத்தில் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. ‘வெளியேறினார்கள்’ என்று செய்தி வந்தால் எந்த அடுக்கில் இருந்து என்று கேட்பதுதான் முதல் வேலை.

படி 1: கடிதம் கொடுக்கும் முன் வீட்டுக்குள் முடிவெடுங்கள்

ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தத்தில் 50வது பிரிவு வெளியேறும் வழியைச் சொல்கிறது. கடிதம் கொடுத்த நாளில் இருந்து இரண்டு ஆண்டு. அதற்குள் பேசி முடியாவிட்டால் ஒப்பந்தம் இல்லாமலே வெளியே. காலத்தை நீட்டிக்க மற்ற எல்லா நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டால் நெருக்கடி முழுக்க வெளியேறும் நாட்டின் தலையில்தான் இறங்கும்.

கடிதம் எப்போது கொடுப்பது என்பது மட்டும்தான் வெளியேறும் நாட்டின் கையில் இருக்கும் துருப்பு. பிரிட்டன் அதைச் சீக்கிரமே இறக்கிவிட்டது. 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் 51.9 சதவீதம் பேர் வெளியேறச் சொன்னார்கள். எப்படிப்பட்ட வெளியேற்றம் என்று வாக்குச்சீட்டில் கேட்கவே இல்லை. பிரதமர் தெரசா மே 2017 மார்ச் 29 அன்று கடிதம் கொடுத்தார். பிறகு ஜூனில் தேர்தல் நடத்தி இருந்த பெரும்பான்மையையும் இழந்தார். எந்த மாதிரி உறவு வேண்டும் என்ற விரிவான திட்டத்தை அவரது அமைச்சரவை செக்கர்ஸ் மாளிகையில் கூடி முடிவு செய்தது 2018 ஜூலையில். கொடுத்த இரண்டு ஆண்டில் 15 மாதம் அதற்குள் போய்விட்டது. அந்தத் திட்டமும் நிற்கவில்லை. அதை ஏற்காமல் வெளியேற்றத் துறை அமைச்சர் டேவிட் டேவிஸ், வெளியுறவு அமைச்சர் போரிஸ் ஜான்சன் இருவரும் சில நாளில் பதவி விலகினார்கள்.

உள்ளே முடிவு செய்ய வேண்டியது ஒரு கேள்விதான், ஆனால் கடினமான கேள்வி: சுயமாக விதி வகுக்கும் உரிமை பெரிதா, பழைய சந்தையில் தடையில்லாமல் நுழைவது பெரிதா? இரண்டும் முழுதாகக் கிடைக்காது. ஒன்றியத்தின் தலைமைப் பேச்சாளர் மிஷேல் பார்னியே 2017 டிசம்பரில் இதை ஒரே படத்தில் காட்டினார். படிக்கட்டு மாதிரி ஒரு வரைபடம். மேல்படியில் உறுப்புரிமை, கீழே நார்வே, சுவிட்சர்லாந்து, உக்ரைன், துருக்கி, கடைசியில் கனடாவும் தென்கொரியாவும். ஐரோப்பிய நீதிமன்றம் வேண்டாம், ஆட்கள் தடையின்றி வந்து போவது வேண்டாம், பட்ஜெட்டுக்குப் பணம் தர மாட்டோம், தனி வணிகக் கொள்கை வேண்டும் என்று பிரிட்டன் வைத்த ஒவ்வொரு நிபந்தனையும் அதை ஒரு படி கீழே இறக்கியது. கடைசியில் கிடைத்தது கனடா மாதிரியான ஒப்பந்தம்தான். அந்தப் படம் மிரட்டல் என்று லண்டனில் சிலர் கோபப்பட்டார்கள். எனக்கு அது நேர்மையான விலைப்பட்டியலாகத்தான் படுகிறது. அப்படி ஒன்றை பிரிட்டிஷ் அரசே தன் மக்களுக்கு 2016இல் போட்டுக் காட்டியிருக்க வேண்டும்.

படி 2: கணக்கெடுப்பு

கூட்டமைப்பு உங்கள் பெயரில் யார் யாரோடு என்னென்ன கையெழுத்திட்டிருக்கிறது என்று ஒரு பட்டியல் வேண்டும். ஃபைனான்சியல் டைம்ஸ் நாளிதழ் 2017இல் எண்ணிப் பார்த்தபோது, பிரிட்டன் 168 நாடுகளோடு 759 ஒப்பந்தங்களை மீண்டும் பேச வேண்டியிருந்தது. விமானப் போக்குவரத்து, அணுசக்திப் பொருள்கள், மீன்பிடி, சுங்க ஒத்துழைப்பு எல்லாம் அதில் அடக்கம். வரியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தால் இவை கண்ணில் படாது. விமானம் பறக்க முடியாமல் நிற்கும்போதுதான் நினைவுக்கு வரும்.

இதோடு ஆள்பலமும் வேண்டும். 1973இல் சேர்ந்ததில் இருந்து வணிகப் பேச்சை பிரிட்டனுக்காக ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ்தான் நடத்தியது. லண்டனில் அந்தக் கலை தெரிந்தவர்கள் அதிகம் இல்லை. 2016 ஜூலையில் தனி வணிகத் துறை ஒன்றைத் தொடங்கி, உலக வர்த்தக அமைப்பில் நியூசிலாந்தின் தூதராக இருந்த க்ராஃபோர்ட் ஃபால்கனரை மறு ஆண்டு தலைமைப் பேச்சு ஆலோசகராக அமர்த்தினார்கள்.

படி 3: பாக்கி, மக்கள், எல்லை

வணிகத்தைப் பேசும் முன் பிரிவினைக் கணக்கைத் தீர்க்க வேண்டும் என்று ஒன்றியம் சொன்னது. இரண்டையும் சேர்த்தே பேசுவோம் என்று பிரிட்டன் வாதாடியது. ‘கோடைக்காலம் முழுக்க இதுதான் சண்டை’ என்று டேவிஸ் அறிவித்தார். 2017 ஜூன் 19, பேச்சின் முதல் நாளிலேயே பிரிட்டன் ஒன்றியத்தின் வரிசையை ஏற்றுக்கொண்டது. பேரத்தில் தோற்ற கட்டம் எது என்று கேட்டால் நான் இந்த நாளைத்தான் சொல்வேன். ஒன்றியத்துக்குத் தர வேண்டிய பாக்கிப் பணத்தைக் காட்டி வணிகச் சலுகை வாங்கும் வழி அன்றோடு அடைபட்டது. அந்தப் பணம் சிறிய தொகையும் இல்லை. பிரிட்டிஷ் நிதித் துறையின் மதிப்பீட்டில் 3,500 கோடி முதல் 3,900 கோடி பவுண்டு.

ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் போய்க் குடியிருக்கும் மக்களின் உரிமைகள் ஓரளவு சுமுகமாக முடிந்தன. சிக்கியது அயர்லாந்து எல்லை.

பிரிட்டனின் பகுதியான வடக்கு அயர்லாந்துக்கும் ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் நடுவே சுமார் 500 கிலோமீட்டர் எல்லை. இருநூறுக்கும் மேற்பட்ட சாலைகள் அதைக் கடக்கின்றன. வடக்கு அயர்லாந்தில் பல ஆண்டு நடந்த வன்முறையை முடித்த 1998 புனித வெள்ளி ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கே சோதனைச் சாவடியும் இல்லை, சிப்பாயும் இல்லை. பிரிட்டன் சுங்க ஒன்றியத்தை விட்டுப் போனால் எங்காவது சரக்கைச் சோதித்தே ஆக வேண்டும். இருந்தது மூன்று வழி. நிலத்தில் சோதிப்பது ஒன்று, அது அமைதிக்கு ஆபத்து. பிரிட்டன் முழுவதும் ஒன்றியத்தின் சுங்க வளையத்துக்குள் இருப்பது இன்னொன்று. பிரதமர் தெரசா மே கொண்டுவந்தது இதை ஒட்டிய ஏற்பாடுதான். 2019 ஜனவரி 15 அன்று நாடாளுமன்றம் அவரது ஒப்பந்தத்தை 432க்கு 202 என்று தூக்கி எறிந்தது. பிறகும் இரண்டு முறை தோற்றார். மூன்றாவது வழி, வடக்கு அயர்லாந்தை மட்டும் ஒன்றியத்தின் சரக்கு விதிகளில் விட்டுவிட்டு, சோதனையைக் கடலுக்கு நகர்த்துவது. அவருக்குப் பின் பிரதமரான ஜான்சன் 2019 அக்டோபரில் இதை ஏற்றார்.

இதனால் ஒரே நாட்டுக்குள், இங்கிலாந்தில் இருந்து பெல்ஃபாஸ்டுக்குப் போகும் சாசேஜுக்குத் தாள் கேட்கும் நிலை வந்தது. அங்கே பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பும் மக்களுக்கு அது ஆறாத காயம். 2020 செப்டம்பரில் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த ஒரு மசோதா, சர்வதேசச் சட்டத்தைக் ‘குறிப்பிட்ட, வரையறுக்கப்பட்ட வகையில்’ மீறும் என்று அமைச்சர் பிராண்டன் லூயிஸ் அவையிலேயே ஒப்புக்கொண்டார். முந்தைய ஒப்பந்தத்தில் போட்ட கையெழுத்தின் மை காயும் முன், அடுத்த ஒப்பந்தம் பேசிக்கொண்டிருக்கும்போதே, இப்படிச் சொன்னால் எதிரே உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு வரிக்கும் தண்டனைப் பிரிவு கேட்பார். கேட்டார்கள். 2023 பிப்ரவரியில் ரிஷி சுனக் அரசு செய்துகொண்ட விண்ட்சர் ஏற்பாட்டில்தான் கொஞ்சம் நிம்மதி வந்தது. வடக்கு அயர்லாந்திலேயே விற்கப்போகும் சரக்குக்குச் சோதனை குறைந்த பச்சை வழி, எல்லை தாண்டக்கூடிய சரக்குக்கு முழுச் சோதனையோடு சிவப்பு வழி.

உங்கள் நாட்டுக்கு அயர்லாந்து போன்ற எல்லை இல்லாமல் இருக்கலாம். ஆனால் புதிய சுங்கக் கோடு எங்கே விழும் என்பதை வரைபடத்தில் கை வைத்துக் காட்டாமல் எந்த வாக்குறுதியும் தராதீர்கள்.

படி 4: அவகாசம் வாங்குங்கள், வாங்கியதைக் குறைக்காதீர்கள்

பழைய விதிகளே தொடரும் இடைக்காலம் என்று முதலில் பேசியது 21 மாதம். வெளியேறும் தேதி மூன்று முறை தள்ளிப்போனது, இடைக்காலத்தின் முடிவுத் தேதி மட்டும் 2020 டிசம்பர் 31 என்றே நின்றது. அதனால் மிஞ்சியது 11 மாதம். நீட்டிப்புக் கேட்க 2020 ஜூன் இறுதிவரை வழி இருந்தது. கொரோனா பரவிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் பிரிட்டன் கேட்கவில்லை. கனடாவுக்கும் ஒன்றியத்துக்கும் ஒப்பந்தம் 2009இல் பேசத் தொடங்கி 2016இல்தான் கையெழுத்தானது. அதுவும் கடைசி நேரத்தில் பெல்ஜியத்தின் வல்லோனியா என்ற ஒரு மாநில நாடாளுமன்றம் தடுத்து நிறுத்தி, பிறகு விட்டுக்கொடுத்தது.

படி 5: ஜெனீவா

ஒப்பந்தமே இல்லாவிட்டால் ஜெனீவாவில் இருக்கும் உலக வர்த்தக அமைப்பின் விதிப்படி வியாபாரம் செய்துகொள்ளலாம் என்று பலர் சொன்னார்கள். அதற்கும் உழைக்க வேண்டும். பிரிட்டன் அந்த அமைப்பின் தொடக்க உறுப்பினர்தான். ஆனால் எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரி, எவ்வளவு ஒதுக்கீடு என்ற பட்டியல் ஒன்றியத்தின் பெயரில் இருந்தது. 2018 ஜூலையில் பிரிட்டன் தனிப் பட்டியல் தாக்கல் செய்தது.

வரியை அப்படியே எடுத்தெழுதலாம். குறைந்த வரியில் இவ்வளவு சரக்குதான் வரலாம் என்ற கோட்டாவை அப்படி எழுத முடியாது, பிரிக்க வேண்டும். நியூசிலாந்து ஆட்டிறைச்சிக்கு ஒன்றியம் முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 2,28,000 டன் கோட்டா இருந்தது. கடந்த ஆண்டுகளில் எவ்வளவு எங்கே போனதோ அந்த விகிதத்தில் இரண்டாக வெட்டிவிடலாம் என்று பிரிட்டனும் ஒன்றியமும் தங்களுக்குள் முடிவு செய்தன. ஏற்றுமதியாளர் பார்வையில் இது வெறும் வகுத்தல் கணக்கு இல்லை. லண்டனில் விலை சரிந்தால் சரக்கை ஹாம்பர்குக்குத் திருப்பிவிடும் வசதி முன்பு இருந்தது. இனி இல்லை. 2017 செப்டம்பரிலேயே அர்ஜென்டினா, பிரேசில், கனடா, நியூசிலாந்து, தாய்லாந்து, உருகுவே, அமெரிக்கா ஆகிய ஏழு நாடுகள் எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவித்தன. நட்பு நாடுகளும் கணக்கில் கறாராகத்தான் இருக்கும்.

கையோடு உங்கள் சொந்த வரிப்பட்டியலையும் அறிவித்துவிடுங்கள். பிரிட்டன் 2020 மே மாதம் அறிவித்தது. 2 சதவீதத்துக்குக் கீழே இருந்த சில்லறை வரிகளை நீக்கியது, காருக்கு 10 சதவீதத்தை அப்படியே வைத்தது. பேச்சுக்குப் போகும் முன் எல்லா வரியையும் தானாகவே நீக்கிவிட்டால் எதிராளிக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது.

படி 6: பழைய ஒப்பந்தங்களைப் பெயர் மாற்றி எடுப்பது

ஒன்றியம் பல பத்து நாடுகளோடு செய்துவைத்திருந்த ஒப்பந்தங்களை பிரிட்டன் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள முயன்றது. பெரும்பாலானவை கிடைத்தன. இந்த வேலையில் பிரிட்டிஷ் அதிகாரிகள் காட்டிய வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். சிலி, சுவிட்சர்லாந்து, இஸ்ரேல் 2019 தொடக்கத்திலேயே கையெழுத்திட்டன. துருக்கி மட்டும் காத்திருந்தது. சுங்க ஒன்றியத்தில் இருப்பதால் பிரஸ்ஸல்ஸ் முடிக்காமல் அதனால் முடிக்க முடியாது. 2020 டிசம்பர் 29 அன்று கையெழுத்தானது.

ஆனால் பெயர் மாற்றம் நிரந்தரம் என்று நம்பிவிடக் கூடாது. கனடா விஷயத்தைப் பாருங்கள். முன்பு பிரிட்டிஷ் சீஸ் ஒன்றியத்தின் கோட்டாவில் கனடாவுக்குப் போனது. தற்காலிக ஏற்பாடாகத் தொடர்ந்த அந்த வசதி 2023 இறுதியில் முடிந்தது. அதற்கு வெளியே போகும் சீஸுக்கு கனடாவின் வரி 245 சதவீதம். ஹார்மோன் ஊட்டிய மாட்டிறைச்சிக்குச் சந்தை வேண்டும் என்று கனடா கேட்டது, பிரிட்டன் மறுத்தது. 2024 ஜனவரியில் புதிய ஒப்பந்தப் பேச்சை பிரிட்டன் நிறுத்தி வைத்தது. தற்காலிகச் சலுகை வாங்கும்போது அது முடியும் தேதியில் யார் கை ஓங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டு வாங்க வேண்டும்.

படி 7: பழைய கூட்டாளியோடு பெரிய ஒப்பந்தம்

பார்னியேவுக்கு எதிரே பிரிட்டனின் தலைமைப் பேச்சாளர் டேவிட் ஃப்ராஸ்ட். கிடைத்தது வரியும் இல்லை, கோட்டாவும் இல்லை என்ற ஒப்பந்தம். கேட்க நன்றாகவே இருக்கிறது. நுணுக்கம் உள்ளே இருக்கிறது.

வரி விலக்கு ‘பிரிட்டிஷ் பொருளுக்கு’ மட்டும்தான். பிரிட்டனில் இருந்து வருகிற பொருளுக்கெல்லாம் அல்ல. ஒரு பொருள் எந்த நாட்டுடையது என்று முடிவு செய்வது ஆரிஜின் விதி. பெர்சி பிக் என்ற பன்றி முக மிட்டாய் பிரிட்டனில் பிரபலம். அது ஜெர்மனியில் தயாராகிறது. பிரிட்டனுக்கு வரும்போது வரி இல்லை. அதே மிட்டாயை மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் நிறுவனம் டப்லினில் இருக்கும் தன் கடைக்கு அனுப்பினால் வரி விழக்கூடும். பிரிட்டனில் அதன் மீது எந்த வேலையும் நடக்காததால் அது பிரிட்டிஷ் பொருள் ஆகவில்லை. ஐரோப்பாவில் செய்த மிட்டாய் ஐரோப்பாவுக்கே திரும்பும்போது இந்த நிலைமை. 2021 ஜனவரியில் அந்த நிறுவனத் தலைவரே இதைச் சொன்ன பிறகுதான் பலருக்கு விஷயம் உறைத்தது.

மின்சார கார் இன்னும் பெரிய உதாரணம். முதல் மூன்று ஆண்டு, காரின் மதிப்பில் 60 சதவீதம் வரை வெளிநாட்டு உள்ளடக்கம் இருக்கலாம் என்று விதி. 2024இல் இருந்து அது 55 ஆகக் குறைய வேண்டும், பேட்டரிக்கும் தனியே விதி இறுகும். ஒப்பந்தம் எழுதும்போது அதற்குள் ஐரோப்பாவில் பேட்டரி ஆலைகள் பெருகிவிடும் என்று நம்பினார்கள். பெருகவில்லை, ஆசியாவில் இருந்துதான் பேட்டரி வந்துகொண்டிருந்தது. 10 சதவீத வரி இரண்டு பக்கக் கார் ஆலைகளுக்கும் விழும் என்று ஆனதும், 2023 டிசம்பரில் பழைய விதியையே 2026 இறுதிவரை நீட்டித்தார்கள். இரு தரப்புக்கும் ஒரே இடத்தில் வலித்ததால் இது நடந்தது. ஒரு தரப்புக்கு மட்டும் வலித்தால் இவ்வளவு சுலபமாக நீட்டிப்பு வராது.

அடுத்தது சுகாதாரச் சான்று. விலங்கில் இருந்து வரும் எந்த உணவுக்கும் கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட சான்று தேவை. சீஸ் விற்கும் ஒரு சிறு பிரிட்டிஷ் நிறுவனம், 25 முதல் 30 பவுண்டு விலையுள்ள பரிசுப் பெட்டிகளை ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்கு நேரே தபாலில் அனுப்பிவந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் 180 பவுண்டு செலவில் சான்று வேண்டும் என்று தெரிந்தது. வரி பூஜ்யம்தான், வியாபாரமும் பூஜ்யம். பெரிய நிறுவனம் ஒரு கன்டெய்னர் முழுக்க ஒரே சரக்கை ஏற்றினால் அதே சான்றின் செலவு தெரியவே தெரியாது. வரி அல்லாத தடை எப்போதும் சிறியவர்களைத்தான் முதலில் நெரிக்கும். பேச்சு மேசையில் அவர்களுக்குப் பிரதிநிதி இருந்தாரா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

சமமான போட்டிக்கான விதிகள் என்று ஒரு அத்தியாயம். தொழிலாளர் சட்டத்தையும் சூழல் சட்டத்தையும் தளர்த்தி மலிவாக உற்பத்தி செய்து எங்கள் சந்தையில் கொட்டாதே என்பது ஒன்றியத்தின் பயம். எங்கள் சட்டத்தை நீங்கள் எழுதக் கூடாது என்பது பிரிட்டனின் பிடிவாதம். பெரிய வித்தியாசம் வந்து வணிகம் பாதித்தால் பதில் நடவடிக்கை எடுக்கலாம், அதை நடுவர் குழு ஆராயும் என்று முடித்தார்கள்.

கடைசி நாள் வரை இழுத்தது மீன். பிரிட்டிஷ் பொருளாதாரத்தில் மீன்பிடியின் பங்கு சுமார் 0.1 சதவீதம். கடல் நம்முடையது என்ற உணர்வுக்கு முன்னால் அந்தச் சதவீதம் எடுபடாது. ஆனால் பிரிட்டிஷ் படகுகள் பிடிப்பதில் பெரும்பகுதியை வாங்குவது ஐரோப்பியர்கள்தான், அதனால் தண்ணீர் ஒருவர் கையில், சந்தை இன்னொருவர் கையில். பிரிட்டிஷ் கடலில் ஒன்றியப் படகுகளுக்கு இருந்த பங்கின் மதிப்பில் 25 சதவீதம் ஐந்தரை ஆண்டில் பிரிட்டனுக்குத் திரும்பும் என்று ஒப்பந்தமானது. 1982இல் வாக்கெடுப்பு நடத்தி 1985 பிப்ரவரி 1 அன்று அன்றைய ஐரோப்பியச் சமூகத்தை விட்டு வெளியேறிய கிரீன்லாந்தும் மீனைத்தான் பேசியது. அங்கே பேரம் எளிது: எங்கள் கடலில் நீங்கள் பிடியுங்கள், உங்கள் சந்தையில் எங்கள் மீனை வரியில்லாமல் விடுங்கள். தனக்கு எது முக்கியம் என்பதில் கிரீன்லாந்துக்குக் குழப்பம் இல்லை.

சேவைத் துறை பிரிட்டிஷ் பொருளாதாரத்தில் ஐந்தில் நான்கு பங்கு. ஒப்பந்தத்தில் அதற்குக் கிடைத்தது மிகக் கொஞ்சம். லண்டன் வங்கிகள் ஒரே உரிமத்தில் ஐரோப்பா முழுக்கத் தொழில் செய்யும் வசதி போனது. 0.1 சதவீதத்துக்காகக் கடைசி இரவு வரை போராடிய ஒரு நாடு 80 சதவீதத்தை ஓரமாக வைத்தது என்பது இந்த முழுக் கதையிலும் என்னை அதிகம் வருத்தும் பகுதி.

படி 8: புதிய நாடுகளோடு பேசும்போது தேதி சொல்லாதீர்கள்

ஆஸ்திரேலியாவோடு அடிப்படை உடன்பாட்டை 2021 ஜூனில், கார்ன்வாலில் ஜி7 மாநாடு நடந்த கையோடு பிரிட்டன் அறிவித்தது. முதல் ஆண்டிலேயே 35,000 டன் மாட்டிறைச்சி வரியில்லாமல் வரலாம், பத்தாம் ஆண்டில் அது 1,10,000 டன். பிரிட்டனுக்கு நீண்டகாலத்தில் கிடைப்பது உள்நாட்டு உற்பத்தியில் 0.08 சதவீதம் என்று அரசே கணித்தது. அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜார்ஜ் யூஸ்டிஸ், பதவியை விட்ட பிறகு 2022 நவம்பரில், அது நல்ல ஒப்பந்தம் அல்ல என்றும் தேதி வைத்து அவசரப்பட்டதே காரணம் என்றும் அவையில் சொன்னார்.

இந்தியாவோடும் இதே தவறு. 2022 ஏப்ரலில் இங்கே வந்த ஜான்சன், தீபாவளிக்குள் முடிப்போம் என்றார். தீபாவளிகள் போய்க்கொண்டே இருந்தன. டெல்லி அவசரப்படவில்லை. பேச்சு முடிந்தது 2025 மே 6 அன்று, கையெழுத்தானது ஜூலை 24 அன்று. விஸ்கி மீதான 150 சதவீத வரி முதலில் 75 ஆகி, பத்து ஆண்டில் 40க்கு இறங்கும். ஒப்பந்தப்படி இந்தியப் பொருள்களில் 99 சதவீத வகைகளுக்கு பிரிட்டனில் வரி இல்லை.

திருப்பூருக்கு இதில் நேரடி லாபம் உண்டு. நம் ஆடைக்கு பிரிட்டனில் 12 சதவீதம் வரை வரி இருந்தது. வங்கதேசத்து ஆடை வரியே இல்லாமல் உள்ளே போனது. ஒரு டி-ஷர்ட்டில் லாபமே சில சதவீதம்தான் எனும்போது இந்த வித்தியாசம் ஆர்டரையே தூக்கிக்கொண்டு போய்விடும். ஒன்றியத்துக்குள் இருந்தவரை பிரிட்டன் தனியாக இந்தியாவோடு இப்படி ஓர் ஒப்பந்தம் செய்திருக்க முடியாது. வெளியேறியதால் பிரிட்டனுக்குக் கிடைத்த சுதந்திரம் உண்மையானதுதான். அதன் அளவு, இழந்த சந்தைக்கு ஈடாகவில்லை. ஒன்றியத்தில் இருந்திருந்தால் இருந்திருக்கும் நிலையைவிட நீண்டகால உற்பத்தித்திறன் 4 சதவீதம் குறையும் என்பது பிரிட்டனின் பட்ஜெட் பொறுப்பு அலுவலகத்தின் கணிப்பு.

படி 9: எல்லையைக் கட்டிவிட்டு வெளியேறுங்கள்

ஒன்றியம் 2021 ஜனவரி 1 முதல் நாளில் இருந்தே முழுச் சோதனை செய்தது. நெதர்லாந்துத் துறைமுகத்தில் லாரி ஓட்டுநர்களின் ஹாம் சாண்ட்விச்சைக் கூடப் பறித்துக்கொண்டார்கள். பிரிட்டன் தன் பக்கத்துச் சோதனையை மீண்டும் மீண்டும் தள்ளிவைத்தது. உணவுக்கான சான்று 2024 ஜனவரியிலும், நேரடிச் சோதனை ஏப்ரல் இறுதியிலும்தான் தொடங்கின. மூன்று ஆண்டுக்கும் மேலாக பிரிட்டிஷ் விவசாயி தாள் நிரப்பினார், பிரெஞ்சு விவசாயி நிரப்பவில்லை.

படி 10: கையெழுத்துக்குப் பிறகும் பேச்சு உண்டு

பெரிய ஒப்பந்தத்தில் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு என்று எழுதியிருக்கிறது. எந்தத் தரப்பும் 12 மாத அறிவிப்பில் விலகலாம். 2025 மே 19 அன்று லண்டனில் கெய்ர் ஸ்டார்மர் அரசும் ஒன்றியமும் உட்கார்ந்து பேசின. உணவுச் சோதனைகளைப் பெரும்பாலும் நீக்க ஓர் ஒப்பந்தம் பேசலாம், அதற்காக அந்தத் துறையில் ஒன்றியத்தின் விதிகளை அவை மாற மாற பிரிட்டனும் பின்பற்றும், அந்த விதிகளுக்கு விளக்கம் சொல்வதில் ஐரோப்பிய நீதிமன்றத்தின் சொல்லே இறுதி என்று ஒப்புக்கொண்டார்கள். பிரிட்டிஷ் கடலில் ஒன்றியப் படகுகளுக்கான மீன்பிடி அனுமதி 2038 ஜூன் வரை நீண்டது. 2017இல் தொடவே முடியாது என்று போட்ட எல்லைக்கோட்டை உணவுக்கு மட்டும் நகர்த்தியிருக்கிறார்கள். இதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். துறை துறையாகப் பார்த்து விலை தீர்மானிப்பதுதான் சரியான முறை, அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

சரக்கு அனுப்புகிறவர்களுக்கு

சுங்கத்தில் பொருள்களை வகைப்படுத்தப் பயன்படும் எச்.எஸ். எண்ணை உங்கள் பொருளுக்கு எடுத்து, அந்த எண்ணுக்கு ஒப்பந்தம் சொல்லும் ஆரிஜின் விதியைப் படியுங்கள். வரி அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு விலை சொல்லாதீர்கள். துணி எங்கே நெய்தது, நூல் எங்கே நூற்றது என்று கேட்பார்கள், பில் கையில் இருக்க வேண்டும். கையெழுத்தான தேதி வேறு, நடைமுறைக்கு வரும் தேதி வேறு. ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தில் இரண்டுக்கும் நடுவே 17 மாதம் ஓடிவிட்டது. வாங்குகிறவர் லண்டன் நிறுவனமாக இருந்து, கடைகள் அயர்லாந்திலோ ஜெர்மனியிலோ இருந்தால், சரக்கைப் பிரித்து நேரே ஐரோப்பியத் துறைமுகத்துக்கே அனுப்பச் சொல்கிறாரா என்று ஆர்டர் எடுக்கும்போதே கேளுங்கள். பிரிட்டனில் இறக்கி அங்கிருந்து மாற்றினால், பெர்சி பிக்குக்கு நேர்ந்ததுதான் உங்கள் பனியனுக்கும் நேரும். அது பிரிட்டிஷ் பொருள் இல்லை என்பதால் ஐரோப்பிய எல்லையில் மறுபடியும் வரி. அந்தத் தொகை யார் தலையில் விழும் என்பதை விலை பேசும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.